எந்தப் பக்கம் விட்டது?

கழன்று விழுந்த வெனீரை யாரும் தூக்கி எறிவதில்லை. மாத்திரை அட்டை, மோதிரப் பெட்டி, ரப்பர் பேண்ட் சுற்றிய சின்ன பாலிதீன் கவர் என்று எதிலாவது பத்திரப்படுத்திக் கொண்டுவந்து மேசையில் வைப்பார்கள். முன்பல்லின் முகப்பில் ஒட்டும் மெல்லிய பீங்கான் தகடு அது. அரை மில்லிமீட்டர், மிஞ்சினால் ஒரு மில்லிமீட்டர் கனம். உள்ளங்கையில் வைத்தால் எடையே தெரியாது. அதற்குக் கொடுத்த பணமும், ஒட்டிய அன்று கண்ணாடி முன் நின்ற சந்தோஷமும் சேர்ந்து அதை எறிய விடுவதில்லை. எதற்காக வைத்திருந்தாலும் சரி, எனக்கு அது பேருதவி. வாயைத் திறக்கச் சொல்வதற்கு முன் நான் பார்ப்பது அந்தத் தகட்டைத்தான்.

சேலத்தில் செயற்கைப் பல் துறையில் இருபது வருடங்களுக்கு மேலாக வேலை செய்கிறேன். நான் படித்த காலத்தில் வெனீர் என்றால் சினிமாக்காரர்கள் சமாச்சாரம். இன்று கல்யாணம் நிச்சயமான பெண், இன்டர்வியூவுக்குப் போகிறவர், யூடியூப் சேனல் நடத்தும் பையன் என்று எல்லோரும் கேட்கிறார்கள். கேட்பவர்கள் கூடக் கூட, கழன்று வருகிறவர்களும் கூடத்தான் செய்வார்கள். எங்கெங்கோ ஒட்டிய வெனீர்களை என்ன செய்வது என்று யோசிப்பதே இப்போது என் வேலையில் பெரும்பகுதி.

தகட்டைக் காற்றடித்து உலர்த்தி, லூப் கண்ணாடி போட்டுக்கொண்டு உள்பக்கத்தைப் பார்ப்பேன். ஒட்டுவதற்குப் பயன்படுத்திய ரெசின் சிமெண்ட் எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி. சிமெண்ட் முழுவதும் தகட்டின் உள்பக்கத்தில் படிந்திருந்து, பல் துடைத்துவிட்டது போல் இருந்தால், பல்லின் பக்கம் பிடி விட்டிருக்கிறது. சிமெண்ட் பல்லிலேயே தங்கி, தகட்டின் உள்பக்கம் பளபளவென்று இருந்தால், பீங்கான் பக்கம் பிடிக்கவில்லை. ஒட்டுவதற்கு முன் தகட்டின் உள்பக்கத்தை ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தால் அரிக்க வேண்டும். லித்தியம் டைசிலிகேட் பீங்கானுக்கு ஐந்து சதவீத அமிலம் 20 விநாடி. ஃபெல்ட்ஸ்பார் பீங்கானுக்கு இன்னும் கூடுதல் நேரம். அதன்மேல் பீங்கானையும் ரெசினையும் பிணைக்கும் சைலேன் தடவ வேண்டும். இதில் ஏதாவது ஒன்று தவறியிருக்கும். அல்லது பல்லில் வைத்து டிரையல் பார்த்தபோது பட்ட எச்சிலைச் சரியாகச் சுத்தம் செய்யாமல் ஒட்டியிருப்பார்கள். தகடே இரண்டாக உடைந்து பாதி பல்லில் நின்றால் அது வேறு கதை. அங்கே ஒட்டை விட்டுவிட்டு, அவர் எப்படிக் கடிக்கிறார் என்று பார்க்க வேண்டும்.

இந்த மூன்றில் எது என்று தெரியாமல் மறுபடி ஒட்டினால், மறுபடி விழும். அதனால்தான் ஃபெவிகுவிக் போட்டு வீட்டிலேயே ஒட்டிக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்தால் மனசு பதறுகிறது. அந்தப் பசை உள்பக்கம் முழுக்கப் படிந்து, என்ன நடந்தது என்ற தடயத்தை அழித்துவிடுகிறது. தகடும் தன் இடத்தில் சரியாக உட்காராது. விளிம்பு ஒரு முடியிழை அளவு தூக்கி நின்றாலே போதும், அதில் அழுக்கு சேர்ந்து ஈறு வீங்க ஆரம்பித்துவிடும்.

வெனீர் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஹாலிவுட்டில் சார்லஸ் பின்கஸ் என்ற பல் மருத்துவர் 1930களில் நடிகர்களுக்காக இப்படித் தகடுகள் செய்தார். பல்செட் ஒட்டும் பவுடரால் ஒட்டுவார். படப்பிடிப்பு முடிந்ததும் கழற்றி வைத்துவிட வேண்டியதுதான். அன்றைக்கு வேறு வழி கிடையாது. 1955ல் மைக்கேல் புவனகோர், பாஸ்பாரிக் அமிலத்தால் எனாமலை லேசாக அரித்தால் ரெசின் அதில் கெட்டியாகப் பிடிக்கும் என்று காட்டினார். 1980களின் தொடக்கத்தில் பீங்கானையும் அமிலத்தால் அரித்து ஒட்டக் கற்றுக்கொண்டார்கள். இன்றைய வெனீர் முழுக்க இந்த இரண்டு கண்டுபிடிப்புகளின் மேல்தான் நிற்கிறது. பல்லின் பக்கம் எனாமல் இருக்க வேண்டும். அது இல்லையென்றால் பாதிக் கணக்கு அங்கேயே அடிபட்டுப்போகிறது.

அந்த எனாமல் எவ்வளவு கனம் தெரியுமா? மேல் முன்பல்லின் கடிக்கும் விளிம்பில் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். ஈறுக்குப் பக்கத்தில் அதில் பாதிகூட இருக்காது. வெனீருக்கு இடம் செய்யச் சீவும்போது அந்த இடத்தில் கை கொஞ்சம் அழுந்தினாலும் எனாமலுக்கு அடியிலுள்ள டென்டின் வந்துவிடும். டென்டின் ஈரமுள்ளது, நுண்குழாய்கள் நிறைந்தது. அதிலும் ரெசின் ஒட்டும்தான். ஆனால் ஓதமேறிய சுவரில் அடித்த பெயின்ட் மாதிரி, பிடித்திருக்கும் நாள்வரை பிடித்திருக்கும்.

எங்கள் பக்கத்தில் இந்தக் கணக்கு இன்னும் சிக்கலாவதற்கு ஒரு காரணம் தண்ணீர். தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு தண்ணீரே இல்லையென்றால் ஒன்றரை வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். அதைத் தாண்டிய தண்ணீரைக் குடித்து வளர்ந்த பிள்ளைகளுக்கு, முன்பற்களின் எனாமல் உருவாகும் அந்த முதல் சில வருடங்களிலேயே கறை விழுந்துவிடுகிறது. சிலருக்கு வெள்ளைத் திட்டு, சிலருக்குப் பழுப்புப் பட்டை, சிலருக்குப் பல்லே பொத்தலாகிப் போகும். இதற்குத் தீர்வாக ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013ல் வந்தது. அதற்கு முன் பிறந்து வளர்ந்தவர்களுக்குத்தான் இன்று கல்யாண வயது.

பென்னாகரம் பக்கத்திலிருந்து ஒரு தாயும் மகளும் வந்திருந்தார்கள். மகளுக்கு மேல்வரிசையில் பத்துப் பல்லுக்கு வெனீர். வெளியூரில் ஒரு கிளினிக்கில், கல்யாணத்துக்கு முன் அவசரமாகப் போட்டது.

"ரெண்டு வருசங்கூட ஆவலைங்க மேடம். சாப்பிட்டுக்கிட்டிருக்கையில சோத்தோட வந்துருச்சுங்க" என்றார் அம்மா. மகள் வாயைக் கையால் பொத்திக்கொண்டே பேசினாள். "அதையே மறுபடி ஒட்டிக் குடுத்துருங்க மேடம். ஞாயித்துக்கிழமை நாத்தனார் வீட்டுல விசேஷம்."

இரண்டு தகடுகள். இரண்டின் உள்பக்கத்திலும் சிமெண்ட் அப்படியே இருந்தது. பல்லில் துளிகூட இல்லை. காற்றை லேசாக அடித்ததும் அவள் தோள் தூக்கிப்போட்டது. அந்த இரண்டு பல்லிலும் நடுவில் மஞ்சளாக டென்டின், ஓரத்தில் மட்டும் மெல்லிய கோடாக எனாமல். என்ன நடந்திருக்கும் என்பது எனக்குப் புரிந்தது. பழுப்புக் கறை மெல்லிய பீங்கானுக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும். அதை மறைக்கத் தகட்டைக் கனமாக்க வேண்டும். கனமான தகட்டுக்கு இடம் வேண்டுமென்றால் பல்லை ஆழமாகச் சீவ வேண்டும். சீவியதும் எனாமல் போய்விட்டது. மீதியிருந்த ஓரத்து எனாமலும் ஃபுளோரைடு ஏறியது. அதன் மேல்தோல் அமிலத்துக்கு எளிதில் இசையாது. சாதாரணப் பல்லுக்கு 37 சதவீத பாஸ்பாரிக் அமிலம் 15 முதல் 30 விநாடி போதும். இதற்கு அந்த மேல்தோலைக் கொஞ்சம் சொரசொரப்பாக்கி, கூடுதல் நேரம் அமிலம் வைத்து, உலர்த்தினால் சுண்ணாம்பு வெள்ளையாகத் தெரிகிறதா என்று பார்த்த பிறகுதான் ஒட்ட வேண்டும். அவசரத்தில் யாரும் அதைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

தகடுகள் உடையாமல் இருந்ததால் ஞாயிற்றுக்கிழமை தப்பித்தது. உள்பக்கத்துப் பழைய சிமெண்டை மணல்வீச்சால் எடுத்து, மறுபடி அமிலமும் சைலேனும் வைத்து, பல்லின் டென்டினை முதலில் ரெசினால் மூடி, எச்சில் படாமல் ரப்பர் டேம் கட்டி ஒட்டினேன். இது தற்காலிகம், முடிவெடுக்கும் வரைக்கும்தான் என்று இருவரையும் உட்காரவைத்துச் சொன்னேன். சிமெண்டைப் பற்றி ஒரு வார்த்தை: இந்த வேலைக்கு விளக்கொளியில் இறுகும் ரகமே எனக்குப் பிடித்தம். தானாகவும் இறுகுகிற ரகத்தில் உள்ள அமீன் காலப்போக்கில் நிறம் மாறும். மெல்லிய தகட்டுக்குள்ளிருந்து அந்த மஞ்சள் தெரியும்.

விசேஷம் முடிந்து மறுபடி வந்தபோது அம்மா கேட்டது, எல்லா அம்மாக்களும் கேட்கும் கேள்வி. "பேசாம எல்லாத்துக்கும் கேப் போட்டுட்டா விழாதில்லைங்களா மேடம்?"

கேப் விழாது என்பது பெரும்பாலும் உண்மை. பல்லைச் சுற்றிலும் சீவி மேலே கவிழ்ப்பதால் அதற்குப் பிடி அதிகம். அந்தப் பிடிக்குக் கொடுக்கும் விலைதான் கேள்வி. எடல்ஹாஃப், சோரன்சன் என்ற இருவர் 2002ல் இதை எடைபோட்டே பார்த்தார்கள். வெனீர் மாதிரி ஒட்டும் சிகிச்சைகளுக்கு முன்பல்லின் தலைப்பகுதியில் 3 முதல் 30 சதவீதம் போகிறது. முழு கேப்புக்கு 63 முதல் 72 சதவீதம் போகிறது. இருபத்தைந்து வயதுப் பெண்ணுக்கு, பத்துப் பல்லில், மூன்றில் இரண்டு பங்கை எடுத்து எறிவதா? அப்படி ஒடுக்கிய பற்களில் சில, பின்னால் நரம்பு செத்து வேர் சிகிச்சைக்கு வந்து நிற்கும். இதை அந்த அம்மாவிடம் ஒரு பழைய மாதிரிப் பல்லைக் காட்டிச் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மீதி எட்டில், விளிம்பில் கறைக்கோடு விழாமல் இறுக்கமாக நின்றவற்றைத் தொடவில்லை. நன்றாக நிற்கிற வெனீரை, 'செட்டாக' இருக்கட்டும் என்பதற்காக எடுக்கும் வழக்கத்தை நான் ஏற்பதில்லை. ஏனென்றால் எடுப்பது லேசான காரியமில்லை. எர்பியம் லேசர் இருந்தால் தகட்டின் அடியிலுள்ள ரெசின் இளகி முழுசாகக் கழன்று வரும். அது இல்லாத இடத்தில் வைர பர் வைத்துத்தான் அரைத்து எடுக்க வேண்டும். பீங்கான், சிமெண்ட், எனாமல் மூன்றும் தண்ணீர் பட்டால் ஒரே நிறம். கொஞ்சம் அரைத்து, தண்ணீரை நிறுத்தி, உலர்த்திப் பார்த்து, மறுபடி கொஞ்சம் அரைத்து என்றுதான் போக வேண்டும். புறஊதா டார்ச் அடித்தால் பல ரெசின் சிமெண்டுகள் பல்லைவிடப் பளிச்சென்று ஒளிரும். எங்கே நிறுத்துவது என்று அது சொல்லும். எவ்வளவு கவனமாகச் செய்தாலும் ஒவ்வொரு முறை மாற்றும்போதும் எனாமலில் ஒரு பங்கு போகிறது. போனது திரும்ப முளைக்காது.

அவளுக்கு விழுந்த இரண்டு பல்லுக்கும் புதிய வெனீர் செய்தோம். விளிம்பை எனாமல் மீதியிருந்த ஓரத்துக்கு நகர்த்தினோம். மீதி எட்டில் ஆழமாகச் சீவப்பட்டிருந்த ஒரு பக்கவாட்டுப் பல்லுக்கு நரம்பு ஏற்கெனவே கெட்டுவிட்டதால் வேர் சிகிச்சையும் கேப்பும் தவிர வழியில்லை. நிறத்தைப் பொருத்துவதுதான் எல்லாவற்றிலும் கடினம். எடுக்காமல் விட்ட பழைய வெனீர்களின் கண்ணைக் கூசும் வெள்ளைக்கு ஷேட் கைடில் ஒத்த நிறமே இல்லை. லேப் டெக்னீஷியன் நேரில் வந்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்து, பீங்கானில் மூன்று பூச்சு மாற்றிப் பார்த்த பிறகுதான் ஒத்துவந்தது. அந்தத் தொழிலாளிகளின் கண்ணுக்கு நாங்கள் கொடுக்கும் மரியாதை போதாது.

பீங்கானே உடைந்து வருகிறவர்களுடைய பிரச்சினை பெரும்பாலும் ராத்திரியில் நடக்கிறது. ஒரு லேத் பட்டறைக்காரர் ஒரே பல்லின் விளிம்பு உடைந்து திரும்பத் திரும்ப வந்தார். "இன்னும் ஸ்ட்ராங்கா ஜிர்கோனியாவுல போட்டுக் குடுங்க மேடம், காசு பிரச்சினை இல்லை" என்பார். அவருடைய கீழ் முன்பற்களின் முனை தட்டையாகத் தேய்ந்து, நடுவில் மஞ்சள் தெரிந்தது. கோரைப்பல் கூர்மையே இல்லை. கூட வந்த மனைவியிடம் கேட்டேன். "ராத்திரி நறநறன்னு சத்தங்க. பசங்களே எந்திரிச்சிருவாங்க" என்றார். தூக்கத்தில் அப்படிப் பல்லைக் கடிக்கிறவருக்கு வெனீரை எதில் செய்தாலும், தகடு உடையும் அல்லது எதிர்ப்பல் தேயும். ஜிர்கோனியா உறுதியானதுதான். ஆனால் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் அதை அரிக்காது. மணல்வீச்சு, பாஸ்பேட் பிரைமர் என்று அதற்குத் தனி முறை வேண்டும். உடையாத தகடு முழுசாகக் கழன்று விழுந்தால் என்ன லாபம்? அவருக்கு உடைந்த விளிம்பை காம்போசிட்டால் கட்டிக் கொடுத்தேன். பின்பற்களில் இல்லாமல் போயிருந்த இரண்டு கடைவாய்ப் பற்களை முதலில் வைத்து, கடியின் பாரத்தை முன்பல்லிலிருந்து இறக்கினோம். தூங்கும்போது போட்டுக்கொள்ளக் கெட்டியான நைட் கார்டு. அதற்குப் பிறகு புது வெனீர் பேச்சை அவரே விட்டுவிட்டார்.

காம்போசிட் என்றாலே பலர் மட்டமாக நினைக்கிறார்கள். பல்லில் நேரடியாக வைத்து, கையால் வடிவம் கொடுத்து, விளக்கடித்து இறுகவைக்கும் பசை அது. டீ, காபி, மஞ்சள் எல்லாம் அதில் கறையேறும். பளபளப்பு போகும். சில வருடத்துக்கு ஒருமுறை மெருகேற்றியோ, மேல்பூச்சைப் புதுப்பித்தோ ஆக வேண்டும். இதெல்லாம் உண்மை. ஆனால் பெரும்பாலும் பல்லைச் சீவாமலே வைக்கலாம். மூலை உடைந்தால் அந்த மூலையை மட்டும் அரைமணி நேரத்தில் கட்டலாம். செலவும் பீங்கானில் ஒரு பங்குதான். இருபது, இருபத்திரண்டு வயதில் முன்பல் இடைவெளிக்கோ சின்ன உடைசலுக்கோ வெனீர் கேட்டு வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். பல் கோணலாக இருந்தால் கிளிப். அதை விட்டுவிட்டு, கோணலை மறைக்க நல்ல பல்லைச் சீவி நேராக்குவது எனக்குச் சம்மதமில்லை. ஒன்றரை வருடம் கிளிப் போட்டுக்கொள்வது சிரமம் என்று சொல்கிறவர்களுக்கு, வெனீர் ஆயுள் முழுக்கப் பராமரிக்க வேண்டிய பொறுப்பு என்பது தெரிவதில்லை.

வெனீரே கூடாது என்று நான் சொல்லவரவில்லை. ஆஸ்திரியாவில் இன்ஸ்புரூக் மருத்துவர்கள் தாங்கள் ஒட்டிய வெனீர்களைத் தொடர்ந்து கவனித்து 2012ல் வெளியிட்ட ஆய்வில், பத்து வருடத்தில் 93 சதவீதத்துக்கு மேல் நின்றிருந்தன. இருபது வருடத்தில் ஏறத்தாழ 83 சதவீதம். எனாமல் மேல், நிதானமாக, கடியைப் பார்த்து ஒட்டினால் இது சாத்தியம். ஆனால் அதே கணக்கின்படி, இருபத்தைந்து வயதில் போடுகிறவர் அறுபதுக்குள் ஒன்றிரண்டையாவது மாற்ற வேண்டியிருக்கலாம். 'ஆயுள் உத்தரவாதம்' என்று எழுதிக் கொடுக்கிறவர்கள் யாருடைய ஆயுளைச் சொல்கிறார்கள் என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

ஃபுளோரைடு கறைக்கு வெனீர் கேட்டு வருகிறவர்களில் கணிசமானவர்களுக்கு வெனீரே தேவைப்படுவதில்லை. பாலக்கோட்டிலிருந்து ஒரு பையன் வந்தான். போலீஸ் வேலைக்குத் தேர்வாகியிருந்தான், போட்டோவில் வாயை மூடியே சிரிப்பான். மேல் முன்பற்கள் நான்கிலும் பழுப்புப் பட்டை. கறை மேலோட்டமாகத்தான் இருந்தது. ரப்பர் டேம் கட்டி, ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சிராய்ப்புத் தூளும் கலந்த பசையால் மெதுவாகத் தேய்த்ததில் பழுப்பு பாதிக்கு மேல் போனது. இழந்த எனாமல் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுதான் இருக்கும். பிறகு பத்து சதவீத கார்பமைடு பெராக்சைடு ஜெல்லை ட்ரேயில் வைத்து ராத்திரியில் போட்டுக்கொள்ளச் சொன்னேன். முதல் சில நாளில் வெள்ளைத் திட்டுகள் முன்னைவிடத் தூக்கலாகத் தெரியும். பயப்படாதே, அடங்கும் என்று முன்கூட்டியே சொல்லிவைத்தேன். சொன்ன மாதிரியே நடுவில் பதறிப்போய் போன் செய்தான். வாரங்கள் போகப் போகப் பல் முழுக்க ஒரே நிறத்துக்கு வந்தது. மீதியிருந்த வெள்ளைத் திட்டுகளுக்கு ரெசினை எனாமலின் நுண்துளைகளுக்குள் இறக்கும் சிகிச்சை. 15 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம் இரண்டு நிமிடம், ஆல்கஹாலால் உலர்த்துவது, தண்ணீராட்டம் ஓடும் ரெசின். ஆல்கஹால் பட்டதும் திட்டு கண்முன்னே மங்கினால், ரெசின் இறங்கியதும் மறையும் என்று அர்த்தம். கண்ணாடியை அவன் கையில் கொடுத்து அதைப் பார்க்கச் சொன்னேன். ஆழமான கறைக்கு, பொத்தல் விழுந்த பல்லுக்கு, இது போதாது. அங்கே காம்போசிட்டோ வெனீரோ வேண்டும்தான். ஆனால் முதலில் வெளுத்துவிட்டால், பிறகு வைக்கும் தகடு மெல்லியதாக இருந்தாலே போதும். கறையை மறைக்கப் பல்லைத் தோண்ட வேண்டியதில்லை.

இதில் ஒவ்வொன்றுக்கும் நாள் பிடிக்கும். பல்லை வெளுத்த பிறகு குறைந்தது இரண்டு வாரம் காத்திருக்க வேண்டும். எனாமலில் தங்கிய ஆக்சிஜன் போகாமல் ஒட்டினால் ரெசின் சரியாக இறுகாது. ஈறில் ரத்தம் வருகிறவருக்கு அது ஆறின பிறகுதான் அச்சே எடுக்க வேண்டும், ரத்தமும் ஈரமும் பட்ட விளிம்பில் எந்தச் சிமெண்டும் பிடிக்காது. கிளிப் என்றால் மாதக்கணக்கு. என்னிடம் கழன்று வருகிற வெனீர்களில் பல, தேதி நெருங்கிவிட்டது என்று இந்த நாட்களை எல்லாம் தாண்டிக் குதித்து ஒட்டப்பட்டவை.

ஆகவே கல்யாணம் வைத்திருக்கும் வீட்டாருக்கு என் வேண்டுகோள் இது. மண்டபத்துக்கு முன்பணம் கட்டுகிற வாரத்திலேயே பல் மருத்துவரிடமும் வாருங்கள். ஆறு மாதம் கையில் இருந்தால் உங்களில் பலருக்கு ஒரு பல்லைக்கூடச் சீவாமல் முடித்துத் தர முடியும். பத்திரிகை கொடுத்து முடித்த பிறகு வந்தால், எங்கள் கையில் மிச்சமிருப்பது வெட்டி ஒட்டும் வேலை ஒன்றுதான்.